இடுப்புக்கு எடுத்த அளவு

இடது கையைத் துணி அடுக்கின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, வலது கையால் பெரிய கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தாள் ஸ்கேல். ஆஸ்பத்திரிக்கு நோயாளி அங்கி. கழுத்து வளைவு வரும் இடத்தில் அடுக்கு நழுவும். மற்ற வெட்டுக்காரர்கள் அங்கே குண்டூசி குத்துவார்கள், இரும்புத் துண்டை எடுத்து வைப்பார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். ஸ்கேலுக்கு அந்தப் பாடெல்லாம் கிடையாது. அவளுடைய இடது முழங்கை பள்ளிக்கூடக் காலத்திலேயே மடங்கிய வாக்கில் பூட்டிக்கொண்டது. மேசை மேல் வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு கழுத்துகூடக் கோணியதில்லை.

கழுத்தும் முதுகும்கூட அப்படித்தான் இறுகியிருந்தன. யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது, ஆளே திரும்புவாள். ஸ்கேல் என்று பள்ளிக்கூடத்தில் கிண்டலுக்கு வைத்த பெயரை, 'ஆமாம், நேராத்தானே இருக்கேன்' என்று அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு கிண்டல் செய்தவர்களுக்கு அதில் ருசி போய்விட்டது.

அன்று மதியம் வளைவைச் சுற்றி வரும்போது வலது இடுப்பில் சுருக்கென்றது. காலையில் செருப்பு மாட்டும்போதே லேசாகத் தெரிந்ததுதான். இப்போது பாவாடை அந்தப் பக்கம் மட்டும் பிடித்தது. கத்தரியை வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். தொடை இடுப்போடு சேரும் இடத்தில், பிசைந்து வைத்த மாவு போல் ஒரு வீக்கம். சூடு துணிக்கு மேலேயே தெரிந்தது.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" எதிரில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். அவளைக் கடையில் பொத்தான்காரி என்றே கூப்பிடுவார்கள்.

"விருந்தாளி வந்தாச்சு."

"எங்கே?"

"இந்தத் தடவை இடுப்புக்கு."

பொத்தான்காரி ஊசியைக் கீழே வைத்தாள். "ஐயையோ, முதல்ல உட்காருங்க. முதலாளியம்மாவைக் கூப்பிடறேன்."

"கழுத்து முடியட்டும். பாதியில விட்டா அடுக்கு கலைஞ்சுடும். அப்புறம் ஆஸ்பத்திரில எல்லாரும் ஒரு பக்கம் தோள் தெரிய அலையணும்."

முடித்துவிட்டுத்தான் போனாள்.

அவள் பிறந்தபோது இரண்டு கால் பெருவிரல்களும் குட்டையாக, உள்பக்கம் சாய்ந்து இருந்தன. மருத்துவச்சி பார்த்தாள், அம்மா பார்த்தாள், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். குழந்தைக்குக் கால் கொஞ்சம் கோணல், நடந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கோணல்தான் இந்த நோயின் முதல் கையெழுத்து என்று யாருக்கும் தெரியவில்லை. பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வரும் நோய். தெரியாதவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

பள்ளிக்கூடத்தில் ஓடிவரும்போது படியில் இடித்துக்கொண்டாள். இடது கையில் கட்டி எழும்பியது. புற்றாக இருக்குமோ என்று பயந்த டாக்டர், கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். அந்த ஆள் ஒழுங்காகத்தான் வெட்டினார், ஒழுங்காகத்தான் தையல் போட்டார். ஆனால் வெட்டிய காயம் தசையாக ஆறவில்லை, எலும்பாக ஆறியது. முழங்கை பூட்டிக்கொண்டது. இறுக்கம் விட, தினமும் மடக்கி நீட்டுங்கள் என்றார்கள். அப்பா தோளைப் பிடித்துக்கொள்வார், அண்ணன் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பான். அவள் கத்துவாள். அண்ணனும் அழுதுகொண்டேதான் இழுப்பான். இழுத்த ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே தசை கிழிந்தது. கிழிந்த இடத்திலெல்லாம் புதிதாக எலும்பு வளர்ந்தது.

நோயின் பெயரை முதலில் சொன்னவர், அவளுக்கு முப்பது தாண்டிய பிறகு கிடைத்த ஒரு பெண் டாக்டர். மற்றவர்கள் எல்லாரும் கையைக் காட்டு, முதுகைக் காட்டு என்பார்கள். இவர் உள்ளே வந்ததும், "செருப்பைக் கழட்டுங்க, காலைப் பார்க்கணும்" என்றார். பெருவிரலைப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார்.

"எலும்பு முறிஞ்சா நம்ம உடம்பே அதை ஒட்ட வைக்குது இல்லையா? அதுக்குன்னு உள்ளே கொத்தனாருங்க மாதிரி ஆளுங்க இருக்காங்க. எல்லாருக்கும் எலும்பு முறிஞ்சா மட்டும்தான் அவங்களுக்குச் சேதி போகும். உங்களுக்குப் பிறவியிலயே அந்தச் சேதி அனுப்பற இடத்துல ஒரு சின்னத் தப்பு. தசையில அடிபட்டாலும் கொத்தனாருங்க வந்துடறாங்க. தப்பான விலாசத்துல வீடு கட்டிட்டுப் போயிடறாங்க. கட்டின வீட்டை இடிக்கலாம்னு நாம கத்தியை வெச்சா, அதையும் அடின்னு நெனச்சு இன்னொரு மாடி சேர்த்துடுவாங்க."

அதனால் வெட்டக்கூடாது. தசையில் ஊசி போடக்கூடாது. பிடித்துவிடக்கூடாது, உருவிவிடக்கூடாது. விழவே கூடாது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணன், வெளியே வந்ததும் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அண்ணிதான் விவரமாகக் கேட்டுவிட்டு வந்தாள்: எந்தத் தசை தப்பிக்கும் என்று. இதயம், மூச்சு இழுக்கும் தசை, கண், நாக்கு. இவற்றுக்கு ஒன்றும் ஆகாதாம்.

"நாக்குக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றாள் அண்ணி, பஸ்ஸில் வரும்போது. "அதுக்கு ஏதாவது வழி இருந்தா நல்லா இருந்திருக்கும்."

"உங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டிருப்பீங்க அண்ணி" என்றாள் ஸ்கேல்.

இப்போது இடுப்பு. அதே டாக்டர், கொஞ்சம் நரைத்திருந்தார். வீக்கத்தைத் தொடாமல் பார்த்தார். வீக்கத்தைத் தணிக்கச் சில நாளைக்கு மாத்திரை எழுதினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"மாத்திரை கொஞ்சம் அடக்கும். ஆனா இந்த இடுப்பு பூட்டிக்கும்னுதான் நான் நினைக்கிறேன். இறுகறதுக்குச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் பெரும்பாலும் எந்த வாக்குல வெச்சிருக்கீங்களோ, அந்த வாக்குலதான் நிக்கும். சொன்ன பேச்சுக் கேக்கும்னு உறுதி கிடையாது. வலிக்கிற அளவுக்கு இழுக்கவும் கூடாது. வலிக்காத எல்லைக்குள்ள உங்களுக்கு எது வேணும்னு யோசிச்சு வைங்க."

"உட்கார்ந்த வாக்குல" என்றான் அண்ணன், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால். "சக்கர நாற்காலில உட்கார வெச்சா எங்க வேணாலும் கூட்டிக்கிட்டுப் போகலாம். சாப்பிடலாம், டிவி பார்க்கலாம்."

"நீட்டிப் படுத்த வாக்குன்னா குளிப்பாட்டறது சுலபம்" என்றாள் அண்ணி. "படுக்கையும் மாத்தலாம்."

டாக்டர் ஸ்கேலைப் பார்த்தார்.

"நான் அளவு எடுத்துட்டுச் சொல்றேன்" என்றாள் ஸ்கேல்.

அவள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. நல்ல துணியில் எடுத்த எடுப்பில் கத்தரி வைக்கக் கூடாது. முதலில் அட்டையில் வரைந்து, மட்டத் துணியில் வெட்டி, யாருக்காவது மாட்டிப் பார்த்து, இடிக்கிற இடம் எது, தொங்குகிற இடம் எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நல்ல துணி. நல்ல துணியில் தப்பினால் தப்பியதுதான். இடுப்பும் அப்படித்தானே என்று நினைத்தாள்.

கடையில் மூன்று அட்டை வெட்டினாள். ஒன்று உட்கார்ந்த கோணம், ஒன்று நேராக நின்ற கோணம், ஒன்று இரண்டுக்கும் நடுவில், நிற்பதற்குக் கொஞ்சம் பக்கமாக. வீக்கம் இருந்தாலும் முதல் வாரத்தில் இடுப்பு இன்னும் பிடி கொடுத்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்த அட்டைக்கு ஏற்றபடி காலை வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தாள். கழிவறை சரி. சாப்பாடு சரி. மேசைக்கு எட்டவில்லை. முதுகு குனியாது என்பதால் கத்தரி துணியின் ஓரத்தோடு நின்றது. இரண்டாவது நாள் நேர் கால். மேசைக்கு நன்றாக எட்டியது. ஆனால் எங்கேயும் உட்கார வழியில்லை, மதியத்துக்குள் இடது கால் விட்டுப்போயிற்று. கழிவறைக்குப் போய்விட்டு வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பொத்தான்காரி கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள், அவளும் சொல்லவில்லை.

மூன்றாவது அட்டை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன, மேசை முழுக்கக் கைக்கு வந்தது. உயரமான முக்காலி இருந்தால் பாதி உட்கார்ந்து பாதி நிற்கலாம். கழிவறையில் இருக்கையை உயர்த்திக்கொண்டால் சமாளிக்கலாம். கார் முன்சீட்டில் ஏற முடியாது. சினிமாவுக்குப் போனால் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும்.

"சினிமாவா, வேலையா?" என்றாள் பொத்தான்காரி.

"சினிமாவை எப்பவும் நீதானே வந்து சொல்றே, கடைசிக் கட்டம் வரைக்கும்."

மூன்றாவது அட்டையில் சுண்ணக்கட்டியால் 'நான்' என்று எழுதி, மற்ற இரண்டையும் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். வெட்டி விழுந்த துணித் துண்டுகளை அடைத்து, அந்தக் கோணத்துக்குச் சரியாக ஒரு திண்டு தைத்துக்கொண்டாள். படுக்கும்போது தொடைக்கு அடியில் வைப்பதற்கு.

வீட்டுக்குப் போனால் கூடத்தில் சக்கர நாற்காலி நின்றது.

அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்தக் கட்டடத்தில் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். யாரிடமோ கேட்டு வாங்கி வந்து, எண்ணெய் போட்டு, பிரேக் சரிபார்த்து, துடைத்து வைத்திருந்தான்.

"உட்கார்ந்து பாரேன்" என்றான்.

"நான் முடிவு பண்ணிட்டேன் அண்ணா." அட்டையைக் காட்டினாள்.

அவன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என்ன கோணம்? நிக்கவும் இல்ல, உட்காரவும் இல்ல. கதவு பாதியில மாட்டிக்கிட்ட லிஃப்ட் மாதிரி."

"பாதியில மாட்டினாலும் வெளியே வர வழி இருக்கு இல்ல?"

அவன் அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினான். வெளியே எடுத்துக்கொண்டு போகவில்லை.

இரண்டாவது வாரம் வலி உச்சத்துக்குப் போயிற்று. இந்த வலி தூங்க விடாது. தூக்கத்துக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள், போட்டால் அடித்துப் போட்ட மாதிரிக் கிடப்பாள். காலையில் எழுந்ததும் அட்டையைத் தொடையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அந்த வாரம் அட்டை பொருந்தவில்லை. தொடை மேலே வந்திருந்தது. திண்டை அழுத்திப் பார்த்தாள், அது இருந்தபடியே இருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் மேலே. கால் கீழே இறங்க வெகுநேரம் பிடித்தது, இறங்கும்போது உயிரை எடுத்தது. எலும்பு தன் இஷ்டத்துக்குப் போகிறதோ என்று முதலில் நினைத்தாள். பிறகு, ராத்திரி மட்டும் எலும்புக்கு என்ன இஷ்டம் என்று யோசித்தாள்.

அன்று படுக்கப் போகும் முன் திண்டின் மேல் நீலச் சுண்ணக்கட்டியை அழுத்தித் தேய்த்தாள். தையல்காரிக்குத் தெரிந்த துப்பறியும் வழி அதுதான்: எது எதன் மேல் பட்டது என்று சுண்ணம் சொல்லிவிடும்.

காலையில் அவளுடைய இரவு அங்கியின் பின்பக்கம் சுத்தமாக இருந்தது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அண்ணனின் அறை வாசலுக்குப் போனாள். கட்டில் ஓரத்தில் தலையணைகள். மேலே இருந்ததன் உறையில், குறுக்கே, நீலமாக ஒரு பட்டை.

அண்ணன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் பார்த்ததையும் பார்த்தான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"வலி குறையும்னுதான்" என்றாள் சமையலறையிலிருந்து அண்ணி, கையைத் துடைத்துக்கொண்டே வந்து. "நீ தூங்கினப்புறம் இவர் முட்டிக்கு அடியில தலையணை வெச்சா முனகறது நின்னுடுது, விடியறதுக்குள்ள எடுத்துடுவார். நானும் பார்த்துட்டுத்தான் பேசாம இருந்தேன்."

"அண்ணி, வலிக்கு இதமா இருக்கிற வாக்கும் வாழறதுக்கு வேண்டிய வாக்கும் ஒண்ணா? முட்டிக்குக் கீழே தலையணையைக் கொடுத்துக் கொடுத்து எத்தனை பேரைக் கால் நீட்ட முடியாம ஆக்கியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க அம்மாவைப் பார்த்துக்கிட்டவங்க இல்லையா நீங்க?"

அண்ணிக்கு அது தெரியும்.

"அண்ணிக்கு வலிக்காக. உனக்கு எதுக்காக?" என்று அண்ணன் பக்கம் திரும்பினாள். ஆளே திரும்பினாள்.

அவன் பாதி முகத்தில் நுரையோடு நின்றான். "நீ உட்காரணும். அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தா நான் தூக்குவேன், தள்ளுவேன், எங்க வேணாலும் கொண்டு போவேன். நாளைக்கு அந்தப் பக்க இடுப்பும் போச்சுன்னா? மரம் மாதிரி நிப்பே. விழுந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். நிக்கிற மரத்தை நான் எப்படித் தூக்கறது?"

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் தூக்கி இறக்கறவன் நீ. யோசிச்சுக் கண்டுபிடி. அதுக்காக என்னை மடிச்சு வைக்காதே."

"சின்ன வயசுல இழுத்து இழுத்து உன் கையை நான்தான் கெடுத்தேன். இந்தத் தடவையாவது ஒண்ணை ஒழுங்கா..."

"அப்போ டாக்டர் இழுக்கச் சொன்னாங்க, இழுத்தே. அதுல உன் மேல ஒரு தப்பும் இல்ல, நானும் ஒரு நாளும் சொன்னதில்ல. இப்போ யாரு சொன்னாங்க?"

அவன் நுரையைத் துடைத்தான்.

"நீ உட்கார வெச்சா உனக்கு வசதி. அண்ணி படுக்க வெச்சா அண்ணிக்கு வசதி. இது என் இடுப்பு. இனிமே சாகற வரைக்கும் இந்த ஒரு வாக்குலதான் இருக்கப்போறேன், அதை நான் தூங்கும்போது இன்னொருத்தர் வந்து முடிவு பண்றதா?"

அன்றைக்கே திண்டையும் அட்டையையும் இரண்டு மாற்றுடுப்பையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். முதலாளியம்மாவிடம் போய் நின்றாள்.

"ராத்திரி எனக்கு வெட்டுமேசை வேணும்."

"ராத்திரி வேலை எதுவும் எடுக்கலையே?"

"வெட்டறதுக்கு இல்ல. படுக்கறதுக்கு."

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கேட்டபின் அவர் கவலைப்பட்டது ஒன்றுக்குத்தான். "திருடன் வந்தா என்ன பண்ணுவே?"

"என்னால சட்டுன்னு எழுந்திருக்க முடியாது. அவனே கிட்ட வந்து விஷயத்தைச் சொல்லட்டும்."

"தலை எண்ணெய்ப் பிசுக்கு துணியில படக்கூடாது" என்றார் முதலாளியம்மா. அதுதான் சம்மதம்.

வெட்டுமேசை நீளமானது, வழுவழுப்பானது, கட்டிலைப் போல நடுவில் குழியாதது. அதனால்தான் அது வேண்டியிருந்தது. ஆனால் பலகையில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் குதிகாலும் பிட்டமும் புண்ணாகும். பஞ்சு வைத்த துணியை நாலு மடிப்பாக விரித்தார்கள், குதிகால் மட்டும் எதிலும் படாதபடி விட்டார்கள். திண்டைத் தொடைக்கு அடியில் வைத்து, அது நகராமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புத் துண்டுகளை வைத்தாள் பொத்தான்காரி. மேசையில் ஏற மரப்பெட்டியைப் படியாகப் போட்டார்கள்.

"துணியை வெட்ட வேண்டிய இடத்துல ஆளைப் போட்டாச்சு" என்றாள் பொத்தான்காரி. "காலையில தூக்கக் கலக்கத்துல நான் சுண்ணக்கட்டியால கோடு போட்டா கோவிச்சுக்காதீங்க."

"கோடு நேரா இருந்தா கோவிச்சுக்க மாட்டேன்."

முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் அண்ணி வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. இன்னொரு கையில், பழைய துணியில் சுற்றி, கழிவறை மேல் பொருத்துகிற உயரமான இருக்கை. வீட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள்.

"பஸ்ல ஒரு ஆள் எழுந்து எடம் கொடுத்தான்" என்றாள். "மடியில என்னன்னு கேட்டான். சிம்மாசனம்னு சொன்னேன்."

ஸ்கேல் சிரிக்கவில்லை. அண்ணியும் மன்னிப்புக் கேட்கவில்லை. இருக்கையைப் பொருத்தினாள், ஆடுகிறதா என்று தானே உட்கார்ந்து பார்த்தாள், கழிவறையில் ஈரமாக இருந்த தரையைத் துடைத்தாள், வழியில் கிடந்த நூல் உருளைகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டாள். தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். வீக்கத்தின் பக்கம் வரும்போது கை தானாக விலகியது.

"தலையணை கொண்டு வரல" என்றாள், போகும்போது. "தேடாதே."

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் தன் பாயையும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திண்டு நகர்ந்தால் சரிசெய்ய ஆள் வேண்டும், வலி வரும்போது ஸ்கேலே காலைத் தூக்கிவிடுவாள், அப்போது அதட்ட ஆள் வேண்டும் என்றாள். வலி உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. சில சமயம், கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் முட்டியைத் தூக்கினால் போதும், எல்லாம் அடங்கிவிடும் என்று ஸ்கேலின் உடம்பே அவளிடம் பேரம் பேசும். தலையணை வைத்த அண்ணன் மேல் அந்த நேரங்களில்தான் அவளுக்குக் கோபம் குறைந்தது. ஆனால் காலைத் தூக்கவில்லை. அண்ணி கீழே படுத்துக்கொண்டு, பேசத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் பேசு, நான் காதில் வாங்க மாட்டேன் என்று சொல்வாள். ஸ்கேல் பேசினாள். நாக்குக்குத்தான் ஒன்றும் ஆகாதே.

பகலில் திண்டை எடுத்து வைத்துவிட்டு அதே மேசையில் துணி விரிப்பாள். முதலில் பாதி நாள்தான் முடிந்தது. தச்சர் செய்துகொண்டு வந்த முக்காலி உயரம் போதாமல் திரும்பிப் போயிற்று. இரண்டாவது தடவை அட்டையையே அவர் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அண்ணன் கடைக்கு வரவில்லை. வீட்டில் தானே சமைத்து, தானே தின்று, வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அவன் உப்புப் போட மறந்ததாக அண்ணி சொன்னாள். மறக்கவில்லை, போடத் தெரியாது என்றாள் ஸ்கேல்.

வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. மாவு போல இருந்தது ரப்பர் போல ஆயிற்று, பிறகு மரம் போல ஆயிற்று. ஒரு நாள் காலையில் தொடையை அசைத்துப் பார்த்தாள். இடுப்பும் முதுகும் சேர்ந்தே அசைந்தன. வேலை முடித்துவிட்டுக் கொத்தனார்கள் போய்விட்டார்கள்.

டாக்டர் எக்ஸ்ரேவை விளக்கில் மாட்டிக் காட்டினார். இடுப்பெலும்பிலிருந்து தொடையெலும்புக்குப் பாலம் போட்ட மாதிரி வெள்ளையாக ஒரு பட்டை. அறை வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. அண்ணன். வேலை உடுப்போடு, கையில் கருவிப் பையோடு நின்றான். அண்ணி சொல்லியிருப்பாள்.

"பூட்டியாச்சு" என்றார் டாக்டர். "நீங்க கேட்ட கோணத்துக்கு..." ஸ்கேல் பையிலிருந்து அட்டையை எடுத்துத் தொடையோடு சேர்த்து வைத்தாள். பொருந்தவில்லை. விரல்கடை அளவு மேலே நின்றது கால்.

"தலையணையாலயா?" என்றான் வாசலிலிருந்து அண்ணன்.

"சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "எலும்பு எப்பவுமே சொன்ன பேச்சை அப்படியே கேக்கறதில்லைன்னு முதல்லயே சொன்னேன். அதுவாகவும் இருக்கலாம். ரெண்டும் இருக்கலாம். இனிமே கண்டுபிடிக்க வழி இல்லை."

ஸ்கேல் அட்டையையும் தொடையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கணக்கை யார் தலையில் எழுதுவது என்று யோசிக்கவில்லை. மேசையை யோசித்தாள்.

"இவ்வளவு வித்தியாசம்னா, நிக்கும்போது நான் இன்னும் கொஞ்சம் முன்னால சாயணும். இருக்கிற உயரத்துக்குச் சாஞ்சா மேசை விளிம்பு வயித்துல இடிக்கும். அப்போ வயிறு அடியில போகற மாதிரி மேசை உயரணும்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, லிஃப்ட் அடியில கட்டை கொடுத்துத் தூக்குவியே, அந்த ஜாக்கி இருக்கா?"

"இருக்கு."

"மரக்கட்டை?"

"இருக்கு." பிறகு மெதுவாகச் சொன்னான்: "மேசையை உயர்த்தினா மத்தவங்களுக்கு எட்டுமா?"

"எட்டாதவங்க பலகை மேல நிக்கட்டும். இத்தனை வருஷமா நான் அவங்க மேசையில நின்னேன் இல்ல?"

டாக்டர் எக்ஸ்ரேவைக் கழற்றி உறையில் போட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு தூக்க மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அண்ணன் வாசலில் நின்றான். ஜாக்கியை மேசைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து ஒவ்வொரு காலாகத் தூக்கி, கட்டையை நுழைத்து, ஆணி அடித்தான். மட்டம் பார்க்க ரசமட்டத்தை மேசை மேல் வைத்துக் குனிந்து பார்த்தான். அந்தக் கட்டைகள் புதிதாக இல்லை என்று அண்ணிதான் முதலில் கவனித்தாள். சக்கர நாற்காலிக்காக வீட்டு வாசல்படியில் அவன் போட்டிருந்த சரிவுப் பலகையை அறுத்திருந்தான்.

"சரியா இருக்கு" என்றான்.

ஸ்கேல் முக்காலியில் பாதி உட்கார்ந்து பாதி நின்று, இடது முழங்கையை மேசை மேல் வைத்துப் பார்த்தாள். "ஜன்னல் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு."

"ரசமட்டம் சொல்லுது, சரியா இருக்குன்னு."

"என் கை சொல்லுது, இறங்கியிருக்குன்னு."

அவன் மறுபடியும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். முணுமுணுத்துக்கொண்டே ஒரு அட்டைத் துண்டைக் கேட்டான். ஸ்கேல் பையிலிருந்த அந்த அட்டையை எடுத்து, 'நான்' என்று எழுதிய பக்கம் போக மீதியைக் கத்தரித்துக் கொடுத்தாள். அவன் அதை ஜன்னல் பக்கத்துக் காலுக்கு அடியில் செருகினான்.

"இந்த உயரத்துல எனக்குக் கழுத்து வரைக்கும் மேசை வருது" என்றாள் பொத்தான்காரி. "நான் என்ன, எட்டிப் பார்க்கிற குழந்தையா?"

"பலகை எடுத்துப் போட்டுக்கோ" என்றாள் ஸ்கேல்.

ஆஸ்பத்திரி அங்கிக்குத் துணி வந்திருந்தது. பொத்தான்காரியும் அண்ணியும் இரண்டு பக்கமும் பிடித்து விரித்தார்கள். அடுக்கு அடுக்காக ஏறியது. அண்ணன் ஜாக்கியைப் பைக்குள் வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். ஸ்கேல் சுண்ணக்கட்டியால் கழுத்து வளைவை வரைந்தாள், இடது கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள், கத்தரியைத் திறந்து வெட்டத் தொடங்கினாள்.